தேசிங்கு விழக்கூடாத காட்சி

பதினோராவது டேக்கிலும் தேசிங்கு விழுந்தார்.

விழக்கூடாது. காட்சியே அதுதான். கதாநாயகன் ஓங்கிக் குத்துகிறான், அடியாள் விழாமல் நிற்கிறான். ஒரு மனிதனைச் சும்மா நிற்கச் சொன்னதற்குக் காலை ஒன்பது மணியிலிருந்து பதினோரு டேக்கா?

"கட்!" என்றார் உலகநாதன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது. "தேசிங்கு, என்ன பேசினோம்?"

தேசிங்கு எழுந்து முழங்கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"விழக்கூடாதுன்னு பேசினோம் சார்."

"பேசிட்டு?"

"விழுந்துட்டேன் சார்."

சொன்ன விதத்தில் கிண்டல் இல்லை. உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் உலகநாதனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திமிர் பிடித்தவன் என்றால் நாலு வார்த்தை திட்டலாம். இந்த ஆளை என்ன செய்வது?

உலகநாதனுக்கு வயது ஐம்பத்தொன்று. பத்தொன்பது வருடம் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதியவர். எத்தனையோ மாமியார்களை அழவைத்தவர், எத்தனையோ மருமகள்களை நிமிர்ந்து பேசவைத்தவர். படம் இயக்குவது இதுதான் முதல் தடவை. கதை அவருக்குக் கிடைத்த இடமே ஒரு சண்டைக் காட்சிதான். நண்பர் ஒருவரின் படப்பிடிப்புக்குப் போயிருந்தார். கதாநாயகன் இருபது பேரை அடிக்க வேண்டும், வந்திருந்த ஃபைட்டர்கள் ஆறே பேர். அடி வாங்கியவன் தவழ்ந்து கேமராவுக்கு வெளியே போவான், எழுந்து பின்பக்கமாகச் சுற்றி ஓடுவான், சட்டையை மாற்றிக்கொண்டு வேறு வாசல் வழியாக வந்து மறுபடி அடி வாங்குவான். சின்னப் படங்களில் அதுதான் வழக்கம். ஒருவன் டீ வருவதற்குள் நாலு தடவை செத்துவிட்டு, ஐந்தாவது தடவை சாவதற்குப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தான். இவனுக்கு ஒரு நாள் சந்தேகம் வந்தால் என்ன ஆகும் என்று உலகநாதன் நினைத்தார். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படித்தான் கதை பிறந்தது. ஒரு வீடியோ கேம். யாரோ எங்கோ உட்கார்ந்து பொத்தானை அமுக்க, உள்ளே இருக்கும் அடியாட்கள் செத்துச் செத்துப் பிறக்கிறார்கள். ஒரு நாள் ஒரு அடியாளுக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது.

நாலு இடத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஒருவர் தயாரிக்க ஒப்புக்கொண்டார். நிபந்தனை ஒன்றே ஒன்று. அவருடைய அக்கா மகன் கிருத்திக்தான் கதாநாயகன். நல்ல பையன், நல்ல உடம்பு. கை மட்டும் ஒரு தடவை கிளம்பினால் வழியில் நிற்காது.

படபூஜை அன்று உலகநாதன் சண்டைப் பயிற்சியாளர் ஸ்டெல்லாவிடம் கைகூப்பினார். ஸ்டெல்லா மாஸ்டருக்கு முப்பத்தாறு வயது. வியாசர்பாடிக்காரர். தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

"சண்டைன்னா எனக்கு ஒண்ணுமே தெரியாது மாஸ்டர். என்னை உங்க சிஷ்யனா சேத்துக்கங்க."

"சிஷ்யன்னா சொன்ன பேச்சக் கேக்கணும் சார்."

"கண்டிப்பா கேக்கறேன்."

இருபத்தாறு நாள் ஆகிவிட்டது. சிஷ்யர் இன்னும் ஒரு பேச்சைக்கூடக் கேட்டபாடில்லை. மாஸ்டர் 'இங்கே வசனம் வேண்டாம்' என்பார், சிஷ்யர் அரைப் பக்கம் சேர்த்து எழுதிக்கொண்டு வருவார். மாஸ்டர் போய் மெத்தைகளைச் சரியாகப் போடுவார்.

படப்பிடிப்பு நடந்தது போரூரைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தில். ஆடி மாதத்தில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், மண்டபம் சும்மா கிடக்கும் என்ற கணக்கில் பிடித்த இடம். மணமேடைதான் விளையாட்டின் கடைசிக் கட்டத்து அரண்மனை. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலி வில்லனின் சிம்மாசனம். எல்லாம் நன்றாகத்தான் பொருந்தியது. ஆனால் இன்றோடு ஆடி முடிகிறது. ஆவணி இரண்டாம் தேதி முகூர்த்தம். அலங்காரம் செய்கிறவர்கள் மாலை ஐந்து மணிக்கு வந்துவிடுவார்கள், அதன்பிறகு ஒரு நிமிடம்கூடக் கிடையாது என்று மண்டப மேனேஜர் மூன்று தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மிச்சம் இருந்தது இந்த ஒரு காட்சி. அடியாளுக்கு விழிப்பு வரும் காட்சி. அது இல்லாவிட்டால் கதை இல்லை. தயாரிப்பாளரும் முந்தின நாளே போனில் சொல்லிவிட்டார். "அது வந்தா வரட்டும், வராட்டி விடுங்க சார். முழிக்கிறது கிழிக்கிறதெல்லாம் எடுத்துட்டு சண்டைய மட்டும் வச்சு ரிலீஸ் பண்ணிடலாம்." ஒருவன் ஆறு பேரை இரண்டு மணி நேரம் அடிக்கும் படம். அதன் கீழே தன் பெயர் வருவதை உலகநாதனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பன்னிரண்டாவது டேக்குக்கு முன்னால் தேசிங்கைத் தனியாக அழைத்துப் போய் உட்காரவைத்து அரை மணி நேரம் விளக்கினார்.

"இத்தன நாள் உங்க உடம்பு உங்க கையில இல்ல தேசிங்கு. வேற எவனோ ஆட்டி வைக்கிறான். நீங்க ஆடறீங்க. இன்னிக்கு, இந்த நிமிஷம், அது உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சதுக்கு அப்புறம் எப்படி விழுவீங்க? விழ முடியுமா?"

தேசிங்கு பக்தியோடு கேட்டார். "நல்ல விஷயம் சார்," என்றார். "என் பெரிய பொண்ணும் இப்படித்தான் பேசும்."

போனார். விழுந்தார்.

பதின்மூன்றாவது டேக்கில் உலகநாதன் அவர் இடுப்பில் கயிறு கட்டி, மேடை ஓரத்திலிருந்த யானைப் பொம்மையின் காலில் முடிந்துவைத்தார். தேசிங்கு விழுந்தார், யானையும் கூடவே விழுந்தது. தும்பிக்கை தனியாகப் போய்விட்டது. மேனேஜர் ஓடி வந்து போட்ட சத்தத்தில் இருபது நிமிடம் வீணானது.

பதினான்காவது டேக்கில் மெத்தையை எடுத்துவிட்டார். வெறும் தரையில் எப்படி விழுகிறான் பார்க்கலாம் என்று நினைத்தார். தேசிங்கு வெறும் தரையில் விழுந்தார், இன்னும் அழகாக விழுந்தார்.

பதினேழாவது முடிந்தபோது உலகநாதன் கையிலிருந்த மைக்கை வைத்துவிட்டு மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வரும்போல் இருந்தது. இத்தனை பேர் பார்க்க அழ வெட்கமாகவும் இருந்தது. பக்கத்துப் படியில் ஸ்டெல்லா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இந்த ஆள எப்படி நிக்க வைக்கிறது?"

ஸ்டெல்லா டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க போய் நில்லுங்க சார்."

"நானா?"

"அவரு நிக்கிற எடத்துல."

"எதுக்கு மாஸ்டர்? நானா நடிக்கப் போறேன்?"

"சிஷ்யன்தானே?"

உலகநாதன் எழுந்து போய், தேசிங்கு நிற்கும் இடத்தில் நின்றார். பின்னால் ஒரு சிமெண்டுத் தூண் இருந்தது. ஸ்டெல்லா அவரைத் தோளைப் பிடித்துத் தூணை விட்டு விலக்கி, கை எட்டாத தூரத்தில் நிறுத்தினார்.

"கை உங்க மேல படாது சார். அளந்துட்டேன். சும்மா நில்லுங்க. கிருத்திக், வாப்பா."

கிருத்திக் ஓடி வந்தான். ஓங்கினான்.

உலகநாதன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு "ஐயோ!" என்று கத்தியபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி எங்கோ போய் விழுந்தது. மண்டபத்தில் நாற்பது பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள், ஒருவர் மட்டும் அடக்க முடியாமல் வெளியே ஓடினார்.

தேசிங்கு கண்ணாடியை எடுத்து, சட்டையில் துடைத்துக் கொடுத்தார்.

"படாதுன்னு சொன்னேனே சார்," என்றார் ஸ்டெல்லா.

"தெரியும். ஆனாலும் கண்ணு தானா மூடிக்கிச்சு. மூடினப்புறம் என்ன நடந்துச்சுன்னே தெரியல."

"தேசிங்கண்ணனுக்குக் கண்ணு மூடிச்சா?"

"அத யாரு பாத்தா?"

"பாருங்க."

மானிட்டரில் பழைய டேக்குகளை ஒவ்வொன்றாக ஓட்டினார்கள். காலையிலிருந்து உலகநாதன் தேசிங்கின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் முகத்தைப் பார்த்தார். பதினேழு டேக்கிலும் தேசிங்கின் கண் திறந்தே இருந்தது. தலை தரையில் படும்வரை திறந்தே இருந்தது. அந்தக் கண் கிருத்திக்கின் முகத்தைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை.

"எங்க பாக்கறாரு இவரு?"

ஸ்டெல்லா படத்தை நிறுத்திவைத்து விரலால் காட்டினார். கிருத்திக்கின் முஷ்டி. அது தேசிங்கின் தாடையைத் தாண்டி நேராகத் தூணை நோக்கிப் போகிறது. விழுந்துகொண்டே தேசிங்கின் இடது கை மேலே வருகிறது. இரண்டு விரலால் அந்த மணிக்கட்டை லேசாகத் தொட்டுத் தூணிலிருந்து விலக்கிவிடுகிறது. பிறகு தேசிங்கு விழுகிறார். அடுத்த டேக்கிலும் அதே. அதற்கடுத்த டேக்கிலும் அதே.

"அண்ணன் நின்னா தம்பி கை அவர் தாடையில நிக்கும்," என்றார் ஸ்டெல்லா. "வெறுமனே விலகினா தூண்ல நிக்கும். நாலு விரலும் போயிடும்."

உலகநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. தேசிங்கின் பக்கம் திரும்பினார்.

"ஏன்யா, இத வாயத் தொறந்து சொன்னா என்ன? காலையிலேர்ந்து உயிர எடுக்கறீங்களே!"

தேசிங்கு தலையைச் சொறிந்தார். கிருத்திக் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஹீரோ டைமிங்கப் பத்தி நாங்க பேசக்கூடாதுங்க சார். எங்களுக்குள்ள அப்படி ஒரு வழக்கம். இருபத்திரண்டு வருஷத்துல பேசினதில்ல."

உலகநாதன் மறுபடி படியில் வந்து உட்கார்ந்தார். இப்போது எரிச்சல் வேறு மாதிரி ஏறியது. தூங்குகிறவன் விழுவான், விழித்தவன் நிற்பான். மூன்று வருடமாக எழுதிய கதை அதுதான். இங்கே விழுகிறவன் முழுசாக விழித்துக்கொண்டு இருக்கிறான். விழிப்பைப் பற்றி எழுதியவர் கண்ணை மூடிக்கொண்டு "ஐயோ" என்கிறார். ஒன்றரைப் பக்க வசனம் வேறு எழுதிவைத்திருக்கிறார். அதை யார் பேசுவது?

"மாஸ்டர், ஒண்ணு கேக்கறேன். கதைக்காகத்தான். ஒரு கேரக்டருக்கு எப்பதான் முழிப்பு வரும்?"

"அதெல்லாம் எனக்கென்ன சார் தெரியும்? நான் விழறதுக்கு ஆள். மணி நாலாகப் போவுது."

"பதில் சொல்லுங்க மாஸ்டர். சிஷ்யன் கேக்கறேன்ல?"

"டேக் போலாம் சார்."

தூணிலிருந்து எட்டடி தள்ளி எடுக்கலாம் என்று முடிவாயிற்று. ஏன் இடம் மாறுகிறது என்று கிருத்திக் கேட்டான். உலகநாதன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "உன் கை நிக்கல தம்பி," என்றார்.

"என் டைமிங் கரெக்ட்டாத்தான் சார் இருக்கு. மாமாகிட்ட கேளுங்க." கிருத்திக் மணமகன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்தக் கதவுக்கு வெளியே உலகநாதன் இருபத்தைந்து நிமிடம் நின்றார். தட்டினார், கொஞ்சினார், அவனுடைய தோளைப் புகழ்ந்தார். தான் எழுதிய மருமகள்கள் மாமியார் காலில் விழுந்தபோது பேசிய வசனங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பேசிப் பார்த்தார். கடைசியில் கதவு திறந்தபோது மணி நாலு நாற்பது. வாசலில் சாமந்திக் கூடைகளோடு ஒரு சின்ன லாரி வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"சார், வசனத்த ஒரு தடவை சொல்லிப் பாக்கட்டுமா?" என்று தேசிங்கு கேட்டார்.

உலகநாதனுக்குள் ஏதோ ஒன்று அறுந்து போயிற்று. கையிலிருந்த காகிதங்களை அப்படியே சிம்மாசனத்தின் மேல் எறிந்தார்.

"வசனமும் வேணாம் ஒண்ணும் வேணாம். விழறதுன்னா விழுங்க, நிக்கறதுன்னா நில்லுங்க. எப்படி வேணா பண்ணித் தொலைங்க. எனக்கு வெறுத்துப் போச்சு."

"எப்படி வேணாலுமா சார்?"

"ஆமாய்யா."

தேசிங்கு ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா தலையை அசைத்துவிட்டு வந்து உலகநாதனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். கிருத்திக்கிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவன் தூரத்தில் தோள்களைச் சுழற்றிக்கொண்டு நின்றிருந்தான்.

விளக்குகள் எரிந்தன. கேமராமேன் ஜோதிலிங்கம், "ரோலிங்" என்றார்.

"ஆக்‌ஷன்," என்றார் உலகநாதன்.

கிருத்திக் ஓடி வந்தான். கையை ஓங்கினான்.

தேசிங்கு அவனைப் பார்த்தார். பிறகு திரும்பித் தனக்குப் பின்னால் தரையைப் பார்த்தார். யானையிலிருந்து உடைந்து விழுந்த துண்டு ஒன்று அங்கே கிடந்தது. குனிந்து அதை எடுத்து ஓரமாக வைத்தார். இடுப்பிலிருந்த அட்டை வாளை உருவி அதன் பக்கத்தில் வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா" என்று தரையில் உட்கார்ந்தார். ஒருக்களித்துப் படுத்தார். கையை மடக்கித் தலைக்கு வைத்துக்கொண்டார்.

"ஆச்சு தம்பி," என்றார். "இந்தப் படத்துல நாப்பத்தியோராவது தடவை செத்தாச்சு. தாண்டிப் போங்க. அடுத்தவங்க வெளிய நிக்கறாங்க."

கண்ணை மூடிக்கொண்டார்.

ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. குத்துவதற்கு ஆள் இல்லை. கிருத்திக் தன் முஷ்டியைப் பார்த்தான். கீழே படுத்திருப்பவரைப் பார்த்தான். இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். கை மெதுவாகத் தானாக இறங்கியது.

பிறகு அவன் நேராகக் கேமராவைப் பார்த்தான்.

நடிக்க வருகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே கேமராவைப் பார்க்காதே என்பதுதான். முதல் வாரம் முழுக்க உலகநாதன் அதற்காக அவனிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். இப்போதும் 'கட்' தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. ஸ்டெல்லாவின் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. வலித்தது.

"சார்," என்றான் கிருத்திக். அது கதாநாயகனின் குரல் இல்லை. பஸ் ஸ்டாண்டில் அம்மாவைத் தொலைத்த பிள்ளையின் குரல். "நான் இப்ப என்ன பண்ணணும்?"

ஜோதிலிங்கம் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை. தேசிங்கு அசையவில்லை.

விளக்கு வெளிச்சம் நேராக முகத்தில் அடித்ததால் கிருத்திக்குக்கு அதன் பின்னால் இருந்த யாருமே தெரியவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இருட்டுக்குள் தேடினான்.

"சார்? இருக்கீங்களா?"

உலகநாதன் வாயைத் திறந்தார். பத்தொன்பது வருடமாக யார் எப்போது என்ன பேச வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்த மனிதர். பதில் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. ஸ்டெல்லாவின் காதருகே குனிந்தார்.

"பாவம் மாஸ்டர், கேக்கறான். சொல்லிடட்டுமா?"

ஸ்டெல்லா கிருத்திக்கின் மேலிருந்த பார்வையை எடுக்கவில்லை.

"சொன்னீங்கன்னா மறுபடியும் குத்த ஆரம்பிச்சுடுவான் சார்."